எச்சு, கம்மி

காலை ஆறேகால். கிணத்துக்கடவு தாண்டி
மூன்றாவது கிலோமீட்டர் கல்.
தண்டவாளத்துக்குக் குறுக்கே கேஜ் கட்டையை வைக்கிறேன்.
ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு மில்லிமீட்டர் இருக்கணும்.
"எச்சு ரெண்டு" என்கிறேன்.
மேஸ்திரி சுகுமாரன் 'ப்ளஸ்' என்று எழுதிக்கொள்கிறார்.
ஒலவக்கோட்டுக்காரர். எச்சும் கம்மியும்
என்னிடம் கற்றுக்கொண்டவை.

நான் குறுக்கே படுத்தால்
தலைக்கு மேல் நாலு விரல் மிச்சம்.
படுத்துப் பார்த்தவர்கள்
வேறு பதிவேட்டில் இருக்கிறார்கள்.

முன்பு ஒரு மீட்டர்தான், கதவகலம்.
முதல் உலகப் போர் நடக்கையில் போட்டது.
பொள்ளாச்சிச் சந்தைக்கு நேர்கோடு வேண்டியிருந்தது,
பஞ்சுப் பொதிக்கு, கடலை மூட்டைக்கு, தேங்காய்க்கு.
நேர்கோட்டுக்கு இட்டேரி தெரியாது.
வளைந்து வந்த இட்டேரியை இரண்டு இடத்தில் வெட்டி,
செம்மலையப்பனின் காட்டை நாற்பத்து மூன்று சென்ட்
எடுத்துக்கொண்டு போனது.
எடுப்புப் பத்திரத்தில் ஒரு வரி:
கிணறு ஒன்று. கல் கட்டியது. தண்ணீர் உண்டு.
கிணறு அக்கட்ட நின்றுவிட்டது. காடு இக்கட்ட.
மனுப் போட்டதில், தண்டவாளத்துக்கு அடியில்
முழங்கை கனத்தில் ஒரு குழாய் பதித்துக் கொடுத்தார்கள்.
அதன் வழியாகத்தான் பருத்திக்குத் தண்ணீர் போனது,
மேலே வண்டி போகும்போதும்.

மகன்கள் பாகம் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை.
நாலரை வண்டி வரும் வரை மூத்தவன் கவலை ஓட்டுவான்,
வண்டி போனதும் இளையவன்.
ஒரு தை மாதம் செட்டிபாளையத்தில் சரக்குப் பெட்டி தடம் இறங்கி
நாலரை வண்டி ஒன்பதுக்கு வந்தது.
மூத்தவன் காளையை அவிழ்க்கவே இல்லை.
வண்டி வரலையே, என்றான்.
பதினோரு வருசம் பேச்சில்லை.
ரயில்வே பதிவில் அது 'காலதாமதம்', அவ்வளவே.

நான் ஏழாவது படிக்கையில் பாதையை மூடினார்கள்.
எட்டு வருசம். பள்ளிக்கூடம் முடித்து,
கல்லூரிக்கு பஸ்ஸில் தொங்கிப் போய்,
பொருளாதாரத்தில் பட்டம் வாங்கும் வரைக்கும்
கம்பியை லாரியில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.
வெறும் ஜல்லியின் மேல் யாரோ சோளத்தட்டு காயப்போட்டார்கள்.
ஒடிசாவிலிருந்து வந்த தனேஷ்வரும் அவன் கூட்டாளிகளும்
இருநூற்று அறுபது கிலோ கான்கிரீட் கட்டையைத்
தோள் மாற்றித் தோள் மாற்றி வைத்தார்கள்.
ஆடிக் காற்று கூடாரத்தைப் பிடுங்கிய ராத்திரி
ஆரம்பப் பள்ளியில் படுத்திருந்தார்கள்.
திறப்பு விழா அன்று அவன் வேறு எங்கோ
வேறு பாதையில்.

பழைய தண்டவாளம் ஒன்று
பஸ் நிறுத்தக் கூரையைத் தாங்குகிறது.
கட்சிக்காரர்கள் ஏழெட்டு முறை நிறம் மாற்றிவிட்டார்கள்.
விரலால் தடவினால் வருசம் தட்டுப்படும்: 1912.
எனக்குத் தெரிந்து தடவியவள் நான் ஒருத்தி.
பஸ் வர நேரமாகும்.

எண் ஒட்டிய தலைக்கவசம்,
முதுகில் எட்டுக் கிலோ: ஸ்பானர், சுத்தியல், சிவப்புக் கொடி.
பூவாத்தாள், டிராக் மெயின்டெய்னர், நான்காம் நிலை.
சித்திரை வெயிலில் கம்பி நீளும்.
பற்ற வைத்த கம்பிக்கு மூட்டு இல்லை,
வண்டியில் அந்தத் தடக் தடக்கும் இல்லை.
போக இடமில்லாத நீளம் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும்.
அதனால் மத்தியானமும் நடக்கிறேன்.

நேற்று அக்கட்ட மஞ்சள் முளை அடித்திருந்தார்கள்.
இரண்டாவது பாதைக்கு அளக்கிறார்களாம்.
சர்வே பையன், டேப்பும் டேப்லெட்டும்.
கிணறு ஒன்று, என்று பதிந்தான். கல் கட்டியது.
"தண்ணி இருக்குங்களாக்கா?"
கல்லப் போட்டுப் பாருங்க, என்றேன்.
போட்டான்.
நாங்கள் இருவரும் குனிந்து காது கொடுக்கையில்
பொள்ளாச்சி வண்டி
எங்கள் முதுகுக்குப் பின்னால் போனது.